அலுமாரிக்குள் ஒளிந்திருந்த பம்ப்



சென்ற மாரி மழைக் காலத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். என் வீட்டுக் கதவு பலமாகத் தட்டப்பட்டது. திறந்து பார்த்தால் என் ராத்தாவின் மகன் நனைந்து போய் நிற்கிறான். "மாமா, தங்கச்சிக்கு முட்டு. கதைக்கவும் ஏலாமல் இருக்கிறா. உம்மா உங்களைக் கூட்டி வரச் சொன்னா" என்றான்.

நான் போய்ச் சேரும்போது பிள்ளை கட்டிலின் விளிம்பில், இரண்டு கைகளையும் ஊன்றிக் கொண்டு, தோள்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்க மூச்சு வாங்கிக் கொண்டிருந்தாள். கையில் நீலப் பம்ப். எத்தனை தடவை அடித்தாள் என்பது யாருக்கும் தெரியாது. முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். ஒட்சிசனும் மருந்துப் புகையும் கொடுத்தார்கள், ஊசியும் ஏற்றினார்கள். சுபஹுக்குப் பிறகுதான் பிள்ளை ஒரு முழு வசனம் பேசினாள்.

காலையில் வந்த இளம் பெண் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "மண்ணிறப் பம்பை ஒழுங்காகப் பாவிக்கிறீர்களா?" என்பதுதான். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தாள். ராத்தா தலையைக் குனிந்து கொண்டு சொன்னார்: "அது அலுமாரிக்குள் இருக்கிறது, டொக்டர். எட்டு மாதமாக எடுக்கவில்லை."

ஏன் எடுக்கவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, பிள்ளைக்குச் சுகமாக இருந்தது. சுகமாக இருப்பவளுக்கு மருந்து எதற்கு? மற்றதை ராத்தா டொக்டரிடம் சொல்லவில்லை, வெளியே வந்து என்னிடம் சொன்னார். அந்த நாட்களில்தான் கலியாணப் பேச்சு தொடங்கியிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பம்பைக் கண்டுவிட்டால் "பிள்ளைக்கு வருத்தம்" என்ற கதை ஊரெல்லாம் போய்விடுமே என்ற பயம்.

அந்த டொக்டர் ஏசவில்லை. அமைதியாக இப்படிச் சொன்னார்: "இழுப்பு இல்லாத எட்டு மாதமும் மூச்சுக் குழாய் சுகமாக இருந்தது என்று நினைத்துவிட்டீர்கள். அது உள்ளுக்குள் புண்பட்டுக் கொண்டுதான் இருந்திருக்கிறது. புண் திரும்பத் திரும்ப வந்தால் தழும்பும் விழும்."

நான் வைத்தியன் அல்லன். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் சொல்லிக் கொடுப்பவன். ஆனாலும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. முட்டு என்றால் வருவதும் போவதும் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். போன பிறகும் உள்ளே ஏதோ நடக்கிறது என்றால் அது என்ன? தெரிந்தவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் விளங்கிக் கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். வீட்டைக் கூட்டுவதும், பாயைத் தட்டுவதும், பிள்ளைக்குத் தலையணை வைப்பதும் பெரும்பாலும் உங்கள் கைகள் என்பதால் இது முதலில் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குடியிருப்பாளர்

முட்டு வருத்தத்துக்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் மிகப் பெரிய வழி ஒவ்வாமை. ஒருவருடைய உடம்புக்கு மட்டும் பகையாகத் தெரிகின்ற, மற்றவருக்கு ஒரு தீங்கும் செய்யாத பொருளைத்தான் ஒவ்வாப் பொருள் என்கிறோம். நம் வீடுகளில் இவற்றுள் முதன்மையானது தூசி. தூசி என்றால் தெருப் புழுதி அல்ல. தூசிக்குள் வாழும் ஒரு சின்னஞ்சிறு உண்ணி.

1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகிய ஆய்வாளர்கள்தான் வீட்டுத் தூசி ஒத்துக்கொள்ளாததற்கு முக்கிய காரணம் இந்த உண்ணியே என்று காட்டினார்கள். ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் நீளம். கடிக்காது, குத்தாது. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். தண்ணீர் குடிக்காது, காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக் கொள்ளும். காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் வற்றிச் செத்துவிடும். நம் நாட்டின் கரையோர ஊர்களில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலே நிற்கிறது. அதற்கு இதைவிட நல்ல இடம் எது?

தீங்கு செய்வது உண்ணி அல்ல, அதன் எச்சம். அந்த எச்சத்தில் ஒரு செரிமானப் பொருள் இருக்கிறது. மூச்சுக் குழாயின் உட்சுவரில் கலங்கள் கல்லோடு கல் சேர்த்துக் கட்டிய மதில் போல நெருங்கி நிற்கின்றன. கல்லுக்கிடையில் உள்ள சாந்தை அரிப்பது போல இந்தப் பொருள் அந்தப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. காயப்பட்ட உட்சுவர் அபாயக் குரல் எழுப்புகிறது. உடம்பின் காவற்படை ஓடி வருகிறது. கிருமி எதுவும் வரவில்லை, வந்தது வெறும் எச்சத் தூள்தான். ஆனாலும் சிலருடைய உடம்பு அதைப் பகையாகப் பதிந்து வைத்துக் கொள்கிறது.

பப்புவா நியூகினியின் மலைநாட்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். அங்குள்ள கிராமங்களில் முட்டு வருத்தம் முன்பு மிக அரிது. வெளியிலிருந்து கம்பளிப் போர்வை வந்து பழக்கமானது. குளிருக்கு நல்லது என்று எல்லோரும் போர்த்திக் கொண்டு தூங்கினார்கள், கழுவுவது குறைவு. 1985 இல் வெளிவந்த ஆய்வு, வளர்ந்தவர்களில் 100 க்கு 7 பேர் அளவில் முட்டு வருத்தம் இருப்பதைக் கண்டது. ஆய்வாளர்கள் குடிசையின் தரையைவிடப் போர்வையில்தான் உண்ணிகள் மலிந்து கிடப்பதைக் கண்டார்கள்.

மூன்று மணிக்குத் தட்டிய பாய், ஒன்பது மணிக்கு வந்த இழுப்பு

உடம்பு அந்தப் பகையைப் பதிந்து வைத்துக் கொள்ளும் விதத்தைக் கண்டறிந்தவர்களில் ஒரு கணவனும் மனைவியும் உண்டு. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியர்களான கிமிஷிகே இஷிசாக்காவும் தெருக்கோ இஷிசாக்காவும் 1966 இல் ஒவ்வாமைக்குக் காரணமான இரத்தப் புரதத்தை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு சுவீடன் நாட்டவர்களும் தனியாக அதையே கண்டார்கள். 1968 இல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் வந்தது.

இந்தப் புரதம் மூச்சுக் குழாய்ச் சுவரில் உள்ள ஒரு வகைக் கலங்களின் மேல் ஒட்டிக் கொண்டு காத்திருக்கிறது. அதே தூசி மறுபடி உள்ளே போனதும் அந்தக் கலங்கள் வெடித்தாற்போல ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களுக்குள் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது. இதுதான் நாம் காதால் கேட்கும் இழுப்பு. நீலப் பம்ப் இறுகிய தசையைத் தளர்த்துகிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது போலத் தெரிகிறது.

அடங்கவில்லை. பலருக்கு நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குப் பிறகு இரண்டாவது அலை வருகிறது. இரத்தத்திலிருந்து இயோசினோபில் என்ற வெள்ளைக் கலங்கள் திரண்டு வந்து மூச்சுக் குழாய்ச் சுவருக்குள் இறங்குகின்றன. அவை கொட்டும் பொருள்கள் உட்சுவரையே அரித்துவிடுகின்றன. இந்த அழற்சி மணிக்கணக்கில் அல்ல, நாட்கணக்கில் நிற்கும். அந்த நாட்களில் குழாய் எரிச்சல் பிடித்த பிள்ளை போல எதற்கெடுத்தாலும் சிணுங்கும்: குளிர் காற்று, சிரிப்பு, ஓட்டம், சாம்பிராணிப் புகை, மிளகாய் வதக்கிய நெடி.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு மாணவனின் நினைவு வந்தது. பல வருடத்துக்கு முன் மத்ரஸா விடுதியில் இருந்த பையன். வியாழக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாய், தலையணை தட்டி மண்டபத்தைக் கூட்டுவார்கள். அன்றிரவு பாடத்துக்கு மட்டும் இவன் வரமாட்டான். "நெஞ்சை அடைக்கிறது, ஹஸ்ரத்" என்பான். "மூன்று மணிக்குப் பாய் தட்டும்போது நன்றாகத்தானே நின்றாய், ஒன்பது மணிக்கு எப்படி அடைக்கும்?" என்று எத்தனை தடவை அவனை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்து ஏசியிருக்கிறேன்! ஆறு மணி நேரம். கணக்கு இப்போது சரியாக வருகிறது. அவன் பொய் சொல்லவில்லை. இப்போது எங்கோ கடையொன்றில் வேலை என்று கேள்விப்பட்டேன். காணக் கிடைத்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கை காய்ப்பது போல

இனி அந்த டொக்டர் சொன்ன தழும்புக்கு வருவோம்.

அம்மி அரைத்த உங்கள் உம்மும்மாவின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். திரும்பத் திரும்ப உராய்ந்த இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். மூச்சுக் குழாயும் அப்படித்தான். அழற்சி வருவதும் ஆறுவதுமாக ஆண்டுகள் போனால் உட்சுவருக்குக் கீழே நார்ப் பொருள் படிந்து அடுக்குத் தடிக்கிறது. சளி சுரக்கும் கலங்கள் பெருகுகின்றன. சுற்றியுள்ள தசை பருக்கிறது. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. வைத்தியர்கள் இதை மூச்சுக் குழாயின் மறுசீரமைப்பு என்கிறார்கள். சீரமைப்பு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை; இதில் சீர் எதுவும் இல்லை. வீட்டுக்காரனைக் கேளாமல் செய்த திருத்த வேலை என்று சொல்லலாம்.

குழாய் சற்றுத் தடித்தால் என்ன என்று எண்ண வேண்டாம். மெல்ல ஓடும் காற்றுக்கு, குழாயின் உள் அகலம் பாதியானால் தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்காகிறது. பருத்த தசை இறுகும்போது முன்பைவிடப் பலமாக இறுகுகிறது. இறுகிய தசையைப் பம்ப் தளர்த்தும். படிந்த நாரை அது கரைக்காது. முட்டு உள்ள எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வயதானவர்களுக்கு மட்டும் வருவதென்றும் நினைக்கக் கூடாது. பாடசாலை வயதை எட்டாத, கடுமையாக இழுக்கும் பிள்ளைகளின் மூச்சுக் குழாயிலேயே இந்தத் தடிப்பு காணப்பட்டிருக்கிறது.

2011 இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இலேசான ஆஸ்மா உள்ளவர்களில் சிலருக்குத் தூசி உண்ணியின் சாரத்தைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு ஒவ்வாமை எதுவும் தராமல் தசையை மட்டும் இறுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் இடைவெளியில் மூன்று தடவை. பிறகு மூச்சுக் குழாயிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். தூசி சுவாசித்தவர்களிடம் இயோசினோபில் கூடியிருந்தது, மற்றவர்களிடம் கூடவில்லை. ஆனால் நார்ப் படிவு இரண்டு கூட்டத்தாரிடமும் தடித்திருந்தது! உப்பு நீர்ப் புகை சுவாசித்தவர்களிடம் அப்படி இல்லை. அதாவது அழற்சி மட்டுமல்ல, குழாய் இறுகுவதே தடிப்புக்கு ஒரு காரணம். "இழுப்பு வந்தால் வரட்டும், பம்ப் அடித்தால் போய்விடும்" என்று வாரம் இரண்டு தடவை அதை வரவிடுகிற வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி.

பின்லாந்தில் புதிதாக ஆஸ்மா கண்டவர்கள் 103 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஆரம்பத்திலேயே அழற்சியைத் தணிக்கும் ஸ்டெரொயிட் பம்பும், மற்றச் சாராருக்குத் தசையைத் தளர்த்தும் பம்பும் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1991 இல் வந்த முடிவில் முதல் சாரார் தெளிவாக நன்றாக இருந்தார்கள். பிறகு மற்றவர்களுக்கும் ஸ்டெரொயிட் பம்ப் கொடுக்கப்பட்டது. அவர்களும் முன்னேறினார்கள், ஆனால் முந்தித் தொடங்கியவர்கள் அடைந்த அளவுக்கு எட்டவில்லை என்று 1994 இல் எழுதினார்கள். இரண்டு வருடத் தாமதம்! நம் வீடுகளில் அலுமாரிக்குள் கழியும் காலம் அதைவிடக் கூடுதல்.

2019 முதல் ஆஸ்மாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவினர், வளர்ந்தவர்களுக்கும் இளவயதினருக்கும் நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுத்து விட வேண்டாம், அழற்சி தணிக்கும் மருந்தும் சேர வேண்டும் என்கிறார்கள். நீலம் சத்தத்தை அடக்கும், மண்ணிறம் புண்ணை ஆற்றும். எந்தப் பம்ப், எத்தனை தடவை என்பதை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து அயல் வீட்டுப் பம்பை இரவல் வாங்காதீர்கள். இப்போது இரண்டு மருந்தும் சேர்ந்த பம்புகளும் இருக்கின்றன. "பம்ப் பழகினால் விடாது" என்பது வீண் கதை. திரும்ப வருவது வருத்தம், பழக்கம் அல்ல. ஸ்டெரொயிட் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: பம்பில் போகும் அளவு மைக்ரோகிராம் கணக்கு. அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குறையும்.

நோன்பு காலத்தில் பல சகோதரிகள் என்னிடம் கேட்கிறார்கள். நோன்புடன் பம்ப் அடிப்பது பற்றி உலமாக்களிடையே இரு கருத்து உண்டு. காலை மாலை என்று எழுதித் தந்த பம்பை ஸஹரிலும் நோன்பு திறந்த பிறகும் எடுக்க முடியுமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் முடியும். ஆனால் இழுப்பு வந்துவிட்டால் பொறுத்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்க அனுமதி இருக்கிறது. மஃரிப் வரை பார்ப்போம் என்று மூச்சைப் பிடித்துக் கொண்டிருக்க யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டில் செய்யக் கூடியது

ஒவ்வாப் பொருள் நின்றால் வருத்தம் குறையுமா? ஸ்பெயினின் பார்சலோனா நகரில் 1981 முதல் 1987 வரை 26 தடவை, திடீரென்று ஒரே நாளில் ஏராளமானோர் முட்டோடு வைத்தியசாலைக்கு ஓடினார்கள். கடைசியில் பார்த்தால் அந்த நாட்களிலெல்லாம் துறைமுகத்தில் சோயா அவரை இறக்கியிருக்கிறார்கள். தானியக் களஞ்சியத்தில் தூசியைத் தடுக்கும் வடிகட்டி இல்லை. பூட்டினார்கள், கொள்ளைநோய் போல் வந்தது நின்றது. லண்டனில் தூசிக்கு ஆகாத சிலரைத் தூசி மிகக் குறைந்த வைத்தியசாலை அறைகளில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்க வைத்தபோது மூச்சுக் குழாயின் எரிச்சல் தணிந்ததாக 1982 இல் எழுதப்பட்டது.

ஆனால் வீடு வைத்தியசாலை அறை அல்ல. மெத்தைக்கு உறை மட்டும் போட்டுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் வளர்ந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி வைத்துவிட்டால் முடிந்தது என்று நம்பாதீர்கள். பல சின்ன வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும், மருந்தையும் விடக் கூடாது.

நோயாளி படுக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் நாளில் எட்டு மணி நேரம் முகம் புதைத்துக் கிடப்பது தலையணையில்தான். வருடக் கணக்காகக் கிடக்கும் பழைய பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். விரிப்பையும் உறையையும் வாரம் ஒரு தடவை, 55 பாகைக்கு மேல் சூடான நீரில் நனைய விட்டுக் கழுவினால் உண்ணி சாகும். பச்சைத் தண்ணீர் எச்சத்தைக் கழுவும், உண்ணியைக் கொல்லாது. அவ்வளவு தண்ணீர் சுட வைக்க வசதியில்லாதவர்களுக்கு வெயில் இருக்கிறது. சிட்னியில் கம்பளங்களைச் சுடுவெயிலில் சில மணி நேரம் குப்புறப் போட்டுப் பார்த்தபோது உயிருள்ள உண்ணி எதுவும் மிஞ்சவில்லை. மெத்தையை வெயிலில் போட்டு, வெளியிலேயே தட்டுங்கள். தட்டுவது நோயாளியாக இருக்கக் கூடாது. நம் வீடுகளில் முட்டு உள்ள மருமகளைத்தானே இந்த வேலைக்கு விடுகிறார்கள்!

தும்புத்தடியால் கூட்டும்போது நோயாளி வெளியே இருக்கட்டும். உண்ணியின் எச்சம் கனமானது, அரை மணி நேரத்தில் தரையில் படிந்துவிடும். ஈரத் துணியால் துடைப்பது கூட்டுவதைவிட மேல். துணிப் பொம்மை இல்லாமல் தூங்காத பிள்ளைக்குப் பொம்மையைப் பையில் கட்டி ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் உறையும் தட்டில் வைத்துப் பிறகு கழுவிக் கொடுங்கள்.

பூனை நம் வீடுகளின் செல்லம். அதன் எச்சிலிலும் தோலிலும் உள்ள பொருள் மிக நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பூனை போன பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும். பூனை ஆகாதவருக்கு மட்டும்தான் இந்தக் கவலை, அதுவும் கட்டிலில் ஏறவிடாததிலிருந்து தொடங்கலாம். கரப்பொத்தானைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்க நகரங்கள் எட்டில் ஏழைப் பிள்ளைகளிடம் நடத்தி 1997 இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பொத்தான் ஆகாமல், படுக்கையறையிலும் அதன் தூள் நிறைந்திருந்த பிள்ளைகள்தான் கூடுதலாக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். இரவில் குசினியில் எச்சில் பாத்திரத்தைக் கிடக்க விடாமலிருப்பதும் ஒரு மருந்துதான்.

சாம்பிராணி, சந்தனக்குச்சி, நுளம்புச் சுருள், விறகடுப்புப் புகை, வாப்பாமாரின் சிகரட் ஆகியவை ஒவ்வாப் பொருள் அல்ல, எரிச்சலூட்டிகள். ஆனால் ஏற்கனவே புண்பட்ட குழாயில் அவை உப்பைத் தடவுகின்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட வேண்டுமென்றால் பிள்ளை இல்லாத அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். நுளம்புக்கு வலை போதும்; அந்த வலையையும் கழுவுங்கள்.

ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், நீலப் பம்ப் கேட்காமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ராத்தாவின் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ராத்தாவே ஆள் அனுப்பாமல் தானே போய், பிள்ளைக்கு முட்டு இருப்பதையும் மருந்து பாவிப்பதையும் சொல்லிவிட்டு வந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்களாம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. மண்ணிறப் பம்ப் இப்போது கை கழுவும் இடத்தின் ஜன்னல் கட்டில், பற்பசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும் இடம் அது.